பிறந்தது நாகாலாந்தில்... கையில் இருந்தது 3 விமானம்! வங்கதேச விமானப்படை உருவான கதை

ஒரு நாட்டின் விமானப்படை அந்த நாட்டு மண்ணில்தானே பிறக்கும்? வங்கதேச விமானப்படை விஷயத்தில் அப்படி நடக்கவில்லை. அது பிறந்த இடம் இந்தியாவின் நாகாலாந்து மாநிலத்தில் உள்ள திமாப்பூர். தேதி 1971 செப்டம்பர் 28.

அன்றைக்கு வங்கதேசம் என்ற நாட்டை உலகில் ஒரு அரசுகூட அங்கீகரிக்கவில்லை. சுதந்திரப் பிரகடனம் வெளியாகி 6 மாதம் ஆகியிருந்தது. தலைநகர் டாக்கா பாகிஸ்தான் ராணுவத்தின் கையில் இருந்தது. லட்சக்கணக்கான அகதிகள் எல்லை தாண்டி வந்துகொண்டிருந்தார்கள். இந்தச் சூழலில்தான், இரண்டாம் உலகப் போர் காலத்து ஓடுபாதை ஒன்றில், சுற்றிலும் காடும் மலையுமாக இருந்த இடத்தில், ஒரு விமானப்படை தொடங்கப்பட்டது.

கையில் இருந்தது மொத்தம் 3. அதில் ஒன்றுகூட போர் விமானம் கிடையாது.

அந்த மூன்றும் என்னென்ன?

முதலாவது, டகோட்டா. இரட்டை எஞ்சின் கொண்ட பழைய பயணிகள் விமானம். ஜோத்பூர் மகாராஜா அன்பளிப்பாகக் கொடுத்தது.

இரண்டாவது, ஓட்டர். கனடாவின் டி ஹாவிலாண்ட் நிறுவனம் தயாரித்த ஒற்றை எஞ்சின் விமானம். குட்டையான ஓடுபாதையில் இறங்கும், ஏறும். வடகிழக்கு மலைப் பகுதிகளுக்கு ஆட்களையும் அரிசி மூட்டைகளையும் கொண்டுபோக இந்திய விமானப்படை வைத்திருந்த ரகம். வேகம்? மணிக்கு 200 கி.மீ. போனாலே பெரிய விஷயம்.

மூன்றாவது, அலூவெட் ஹெலிகாப்டர். பிரான்ஸ் வடிவமைத்தது. இதையே பெங்களூரு எச்.ஏ.எல். நிறுவனம் உரிமம் வாங்கித் தயாரித்தது. 'சேதக்' என்ற பெயரில் நம்ம ஊர்க்காரர்கள் பார்த்திருக்கும் அதே ஹெலிகாப்டர்தான்.

எதிரே டாக்காவின் தேஜ்காவ் தளத்தில் பாகிஸ்தான் வைத்திருந்தது அமெரிக்க வடிவமைப்பான சேபர் ஜெட் போர் விமானங்கள். சுமார் 16. மணிக்கு 1,000 கி.மீ.க்கு மேல் பறக்கக்கூடியவை. ஓட்டர் அதன் கண்ணில் பட்டால் தப்பிக்க வழியே இல்லை.

அதனால் இருப்பதை வைத்தே ஆயுதம் செய்தார்கள். ஓட்டரின் இரண்டு இறக்கைகளுக்கும் கீழே பக்கத்துக்கு 7 ராக்கெட் பொருத்தப்பட்டன. உள்ளே 25 பவுண்டு எடையில் சின்னச் சின்ன குண்டுகள். அவற்றை விமானத்துக்குள் இருப்பவர் கையால் எடுத்துக் கீழே தள்ள வேண்டும். ஹெலிகாப்டரின் பக்கவாட்டில் ராக்கெட்டுகள், கூடவே ஒரு இயந்திரத் துப்பாக்கி. கீழிருந்து சுட்டால் விமானியைத் துளைக்கக் கூடாது என்பதற்காக அதன் தரையில் இரும்புத் தகடு அடித்தார்கள். டகோட்டாவையும் குண்டு வீச ஏற்றபடி மாற்றினார்கள். ஆனால் கடைசியில் அதை ஆட்களையும் பொருட்களையும் ஏற்றிச் செல்லத்தான் பயன்படுத்தினார்கள்.

இந்தச் சின்னப் படைக்கு வைத்த பெயர் 'கிலோ ஃப்ளைட்'. எடைக் கணக்கு 'கிலோ' இல்லை. ராணுவ வானொலி மொழியில் 'கே' என்ற எழுத்தைக் 'கிலோ' என்று சொல்வார்கள். அந்த 'கே', குரூப் கேப்டன் ஏ.கே. கந்தகரின் 'கே'.

யார் இந்தக் கந்தகர்?

1971 தொடக்கத்தில் டாக்காவில் இருந்த பாகிஸ்தான் விமானப்படைத் தளத்தின் இரண்டாம் நிலை அதிகாரி இவர். வங்காளி.

அந்த மார்ச் மாதம் மேற்குப் பாகிஸ்தானில் இருந்து டாக்காவுக்கு ராணுவ வீரர்கள் விமானம் விமானமாக வந்து இறங்கினார்கள். அப்போது இந்திய வான்வெளி பாகிஸ்தானுக்கு மூடப்பட்டிருந்தது. ஜனவரி கடைசியில் 'கங்கா' என்ற இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் லாகூருக்குக் கடத்தப்பட்டு, அங்கேயே எரிக்கப்பட்டது. அதற்குப் பதிலடியாகத்தான் இந்தியா வான்வெளியை மூடியது. அதனால் பாகிஸ்தான் விமானங்கள் தெற்கே வளைந்து, கொழும்பில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு டாக்கா போக வேண்டியிருந்தது. வந்து இறங்கியவர்களில் பலர் சாதாரண உடையில் இருந்த சிப்பாய்கள். ஏதோ பெரிதாக நடக்கப் போகிறது என்பது விமானத் தளத்தில் இருந்தவர்களுக்குப் புரியாமல் இருக்குமா?

மார்ச் 25 இரவு டாக்காவில் ராணுவ நடவடிக்கை தொடங்கியது. மே மாதம் கந்தகர் சில அதிகாரிகளுடன் எல்லை தாண்டி அகர்தலா வந்து சேர்ந்தார். விடுதலைப் படையின் துணைத் தலைமை அதிகாரி ஆனார். விமானப்படை வேண்டும் என்று இந்தியாவிடம் தொடர்ந்து கேட்டவர்களில் அவர் முக்கியமானவர்.

விமானிகள் சுமார் 10 பேர் சேர்ந்தார்கள். பாகிஸ்தான் விமானப்படையை விட்டு வந்தவர்கள் மூன்றே பேர்: சுல்தான் மஹ்மூத், ஷம்சுல் ஆலம், பத்ருல் ஆலம். மற்றவர்கள் பயணிகள் விமானம் ஓட்டியவர்கள், வயலுக்குப் பூச்சிமருந்து தெளிக்கும் விமானம் ஓட்டியவர்கள். குண்டு போடுவது எப்படி என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

இவர்களோடு தரைப் பணியாளர்கள் சுமார் 50 பேர். மெக்கானிக், ஆயுதப் பிரிவு, ரேடியோ பிரிவு ஆட்கள். எந்த விமானப்படையின் கதையிலும் இவர்கள் பெயர் கடைசி வரியில்தான் வரும். கிலோ ஃப்ளைட்டைப் பறக்க வைத்ததில் பாதி வேலை இவர்களுடையது.

பயிற்சி இந்திய விமானப்படையின் பொறுப்பு. ஜோர்ஹாட் தளத்தின் அதிகாரி குரூப் கேப்டன் சந்தன் சிங் மேற்பார்வையில், திமாப்பூர் மலைகளுக்கு நடுவே இரவில், மரங்களை உரசும் உயரத்தில் பறந்து பழகினார்கள்.

தப்ப முயன்று இறந்த ஒருவர்

எல்லாரும் கந்தகரைப் போல எல்லை தாண்ட முடியவில்லை. மேற்குப் பாகிஸ்தானில் பணியில் இருந்த வங்காளி விமானிகள் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர் ஃப்ளைட் லெப்டினன்ட் மதியுர் ரஹ்மான். கராச்சி மஸ்ரூர் தளத்தில் பயிற்சி கொடுப்பவர்.

1971 ஆகஸ்ட் 20. ரஷீத் மின்ஹாஸ் என்ற 20 வயது பயிற்சி விமானி, டி-33 ஜெட்டில் புறப்படத் தயாராக இருந்தார். மதியுர் அதைப் பாதியில் நிறுத்தி, பின் இருக்கையில் ஏறிக்கொண்டார். விமானத்தை இந்தியா நோக்கித் திருப்பினார். உள்ளே இருவருக்கும் போராட்டம். எல்லைக்கு முன்பாகவே தட்டா பகுதியில் விமானம் விழுந்தது. இருவரும் இறந்தார்கள்.

பாகிஸ்தான் தன் உச்சபட்ச வீர விருதான 'நிஷான்-இ-ஹைதர்' விருதை ரஷீத் மின்ஹாஸுக்குக் கொடுத்தது. வங்கதேசம் தன் உச்சபட்ச விருதான 'பீர் ஸ்ரேஷ்டோ'வை மதியுருக்குக் கொடுத்தது. ஒரே விமானத்தில், ஒரே நிமிடத்தில் இறந்த இருவர், இரண்டு நாடுகளின் மாபெரும் நாயகர்கள். மதியுரின் உடல் எச்சங்கள் கராச்சியில் இருந்து டாக்காவுக்கு வந்து சேர 2006 வரை ஆனது. ஜெஸ்ஸோரில் உள்ள விமானப்படைத் தளம் இன்று அவர் பெயரில்தான் இருக்கிறது.

டிசம்பர் 3 இரவு என்ன நடந்தது?

அன்று மாலை மேற்கே இந்திய விமானத் தளங்கள் மீது பாகிஸ்தான் குண்டு வீசியது. போர் அதிகாரப்பூர்வமாகத் தொடங்கிவிட்டது. அதே இரவில் கிழக்கே கிலோ ஃப்ளைட்டுக்கு வேலை வந்தது.

முந்தைய நாள்தான் பௌர்ணமி. நிலா வெளிச்சம் இருந்தது. இரவில் வழிகாட்டும் நவீனக் கருவி எதுவும் இல்லாத விமானங்களுக்கு அதுதான் விளக்கு.

ஷம்சுல் ஆலமும் கேப்டன் அக்ரம் அகமதும் ஓட்டரில் திரிபுராவின் கைலாசஹரில் இருந்து கிளம்பினார்கள். குறி, சிட்டகாங் அருகே பதேங்காவில் இருந்த எண்ணெய்க் கிடங்குகள். நாட்டின் ஒரே எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை இருந்த இடம் அது. ஓட்டரின் வேகத்தில் போக மட்டுமே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். திரும்பி வரவும் அதே நேரம்.

சுல்தான் மஹ்மூதும் பத்ருல் ஆலமும் ஹெலிகாப்டரில் தெலியாமுராவில் இருந்து புறப்பட்டார்கள். குறி, டாக்காவை ஒட்டிய நாராயண்கஞ்சில் இருந்த கோத்னைல் எரிபொருள் கிடங்கு.

இரண்டு இடங்களும் எரிந்தன. இருவர் குழுவும் பத்திரமாகத் திரும்பியது.

ஏன் எரிபொருள் கிடங்கு? ஊரெல்லாம் ஆறும் கால்வாயுமாக இருக்கும் நாடு அது. ராணுவம் நகர வேண்டுமானால் படகுக்கு டீசல் வேண்டும், லாரிக்கு டீசல் வேண்டும், சேபருக்கு எரிபொருள் வேண்டும். எல்லாம் இரண்டு மூன்று பெரிய கிடங்குகளில் இருந்துதான் வர வேண்டும்.

ஏன் இரவில்? சேபர் பகலில் சண்டை போடும் விமானம். இருட்டில் எதிரியைத் தேடும் ரேடார் அதில் இல்லை. பகலில் ஓட்டரை ஒரே சுற்றில் வீழ்த்தக்கூடிய சேபர், இரவில் தரையில்தான் நிற்க வேண்டும். மெதுவான விமானத்துக்குக் கிடைத்த ஒரே சந்து இதுதான். அதில் சரியாக நுழைந்தார்கள்.

இதை வைத்து 'மூன்று விமானம் போரை ஜெயித்துக் கொடுத்தது' என்று எழுதுபவர்களும் உண்டு. அது மிகைதான். மறுநாளே ஐ.என்.எஸ். விக்ராந்தில் இருந்து கிளம்பிய கடற்படை விமானங்கள் சிட்டகாங்கைத் தாக்கின. டிசம்பர் 6-ல் இந்திய மிக்-21 விமானங்கள் தேஜ்காவ் ஓடுபாதையில் பெரிய பெரிய பள்ளங்களைப் போட்டன. அத்தோடு சேபர்கள் எழும்பவே முடியவில்லை. டிசம்பர் 14-ல் டாக்கா ஆளுநர் மாளிகையின் கூரையைப் பிளந்ததும் இந்திய மிக்-21 விமானங்கள்தான். வானத்தை வென்றது இந்திய விமானப்படை. ஆனால் முதல் இரவில், தங்கள் நாட்டு எண்ணெய்க் கிடங்கைத் தாங்களே கொளுத்தியது வங்காளி விமானிகள்.

டிசம்பர் 16, டாக்கா ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் பாகிஸ்தான் ராணுவம் சரணடைந்தபோது வங்கதேசப் படையின் சார்பில் அங்கே நின்றவர் கந்தகர். விமானப்படையின் முதல் தளபதியும் அவர்தான். பின்னாளில் சுல்தான் மஹ்மூதும் தளபதி ஆனார்.

உடைந்த சேபரும் மாஸ்கோவின் மிக்-கும்

போர் முடிந்தது. நாடு கிடைத்தது. விமானம்?

தேஜ்காவில் பாகிஸ்தான் விட்டுச் சென்ற சேபர்கள் நின்றன. எதிரி கைக்குப் போகக் கூடாது என்று கிளம்பும்போது அவற்றை உடைத்துவிட்டுத்தான் போயிருந்தார்கள். ஒன்றில் இருந்து ஒரு பாகம், இன்னொன்றில் இருந்து ஒரு பாகம் என்று சேர்த்து வங்கதேச மெக்கானிக்குகள் சிலவற்றைப் பறக்க வைத்தார்கள்.

1973-ல் சோவியத் யூனியன் மிக்-21 ஜெட்டுகளைக் கொடுத்தது. அன்றைக்கு உலகின் நவீன போர் விமானங்களில் ஒன்று. கூடவே போக்குவரத்து விமானங்கள், மி-8 ஹெலிகாப்டர்கள். இரண்டு வருடத்துக்கு முன் டாக்கா ஓடுபாதையைக் குழிபறித்த அதே மிக்-21, இப்போது வங்கதேச நிறத்தில் அங்கிருந்தே எழும்பியது.

ஆட்களும் வந்தார்கள். மேற்குப் பாகிஸ்தானில் சிறைபோல அடைக்கப்பட்டிருந்த வங்காளி வீரர்கள், 1973-ல் டெல்லியில் ஏற்பட்ட உடன்பாட்டுக்குப் பிறகு ஊர் திரும்பினார்கள். இங்கேதான் ஒரு பிரச்னை முளைத்தது. போரில் கலந்துகொண்ட அதிகாரிகளுக்கு அரசு 2 வருட சீனியாரிட்டி கொடுத்தது. நேற்று வரை தனக்குக் கீழே இருந்தவர் இன்று தனக்கு மேலே! திரும்பி வந்தவர்களுக்கு மனக்கசப்பு. 'நாங்கள் உயிரைக் கொடுத்துப் போராடினோமே' என்று மற்றவர்களுக்குக் கோபம். மூன்று படைகளிலும் இந்த விரிசல் விழுந்தது.

நட்பு மாறினால் விமானமும் மாறும்

சொந்தமாக விமானம் தயாரிக்க முடியாத நாடு யாரிடமாவது வாங்கித்தான் ஆக வேண்டும். விமானம் வாங்கிவிட்டால் கதை முடிந்துவிடாது. டயரில் இருந்து எஞ்சின் வரை 20, 30 வருஷத்துக்கு விற்ற நாட்டைத்தான் நம்பியிருக்க வேண்டும். பைக் வாங்கிய ஷோரூம் மூடிவிட்டால் எப்படி இருக்கும்? கிட்டத்தட்ட அதுதான் வங்கதேசத்துக்கு நடந்தது.

1975 ஆகஸ்ட் 15-ல் ஷேக் முஜிபுர் ரஹ்மான் கொல்லப்பட்டார். புதிய ஆட்சியாளர்கள் இந்தியாவிடம் இருந்தும் மாஸ்கோவிடம் இருந்தும் விலகினார்கள். அதே மாதக் கடைசியில் சீனா வங்கதேசத்தை அங்கீகரித்தது. 1972-ல் வங்கதேசம் ஐ.நா.வில் சேரக் கூடாது என்று வீட்டோ போட்ட அதே சீனா! கொஞ்ச காலத்தில் அதுவே டாக்காவுக்குப் போர் விமானம் கொடுக்கும் முக்கிய நாடாகிவிட்டது.

மாஸ்கோ உறவு ஆறிப்போக, மிக்-21-களுக்கு உதிரிபாகம் கிடைப்பது சிக்கலானது. அவற்றின் இடத்தில் சீனத் தயாரிப்பான எஃப்-6 வந்தது. பிறகு ஏ-5. 1990-ஐ ஒட்டி எஃப்-7.

பெயர்கள் குழப்பலாம். ஆனால் விஷயம் எளிது. எஃப்-6 என்பது சோவியத் மிக்-19-ன் சீன வடிவம். எஃப்-7 என்பது மிக்-21-ன் சீன வடிவம். 1960-களின் தொடக்கத்தில் மிக்-21 தயாரிக்கும் உரிமத்தை மாஸ்கோ சீனாவுக்குக் கொடுத்தது. அதற்குள் இரண்டு நாட்டுக்கும் சண்டை வந்துவிட்டது. முழு விவரமும் கைக்கு வராத நிலையில், கிடைத்ததைப் பிரித்துப் பார்த்துச் சீனா தானே செய்துகொண்டது. ஆக, மாஸ்கோ கொடுத்த மிக்-21 போய், அதன் சீனத் தம்பி டாக்காவுக்கு வந்து சேர்ந்தது.

பிறந்தநாளில் வந்த விமானம்

1977 செப்டம்பர் 28. விமானப்படையின் 6-வது பிறந்தநாள். அன்று மும்பையில் இருந்து கிளம்பிய ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்றை ஜப்பானிய செம்படை ஆட்கள் கடத்தி, டாக்காவில் இறக்கினார்கள். விமானப்படைத் தளபதி ஏ.ஜி. மஹ்மூத் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் உட்கார்ந்து நாள்கணக்கில் கடத்தல்காரர்களுடன் பேசிக்கொண்டிருந்தார். ஜப்பான் 60 லட்சம் டாலர் கொடுத்தது, சிறையில் இருந்த 6 பேரையும் விடுவித்தது.

பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே, அக்டோபர் 2 அதிகாலையில், படைக்குள்ளேயே கலகம் வெடித்தது. கீழ்நிலை வீரர்கள் சிலர் விமான நிலையத்துக்குள் புகுந்தார்கள். விமானப்படை அதிகாரிகள் 11 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மஹ்மூத் உயிர் தப்பினார்.

கலகம் சில மணி நேரத்தில் அடக்கப்பட்டது. அதற்குப் பின் நடந்ததுதான் கொடுமை. ராணுவ நீதிமன்றங்கள் அவசர அவசரமாக விசாரித்தன. நூற்றுக்கணக்கானோருக்கு மரண தண்டனை. தன் கணவர், தன் அப்பா எங்கே புதைக்கப்பட்டார் என்று கேட்டு அந்தக் குடும்பங்கள் பல பத்தாண்டுகள் அலைந்தன. 6 வயதுப் படை ஒன்று அனுபவமுள்ள அதிகாரிகளையும் தொழில் தெரிந்த வீரர்களையும் சேர்த்தே இழந்தது. விமானத்தைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம். 10 வருஷம் அனுபவமுள்ள மெக்கானிக்கை எந்த நாட்டில் வாங்குவது?

ஒரே இரவில் கடல் கொண்டுபோனது

1991 ஏப்ரல் 29. சிட்டகாங்கைப் பெரும் புயல் தாக்கியது. சுமார் 20 அடி உயரத்துக்குக் கடல் எழும்பி உள்ளே வந்தது. 1 லட்சத்து 38 ஆயிரம் பேர் வரை இறந்தார்கள்.

பதேங்கா விமானப்படைத் தளம் கடலோரத்திலேயே இருக்கிறது. வரிசையாக நின்ற போர் விமானங்கள், ஹெலிகாப்டர்கள் டஜன் கணக்கில் உப்புத் தண்ணீரில் மூழ்கி வீணாயின. எச்சரிக்கை வந்தும் விமானங்களை ஏன் வேறு தளத்துக்கு நகர்த்தவில்லை என்ற கேள்வி பெரிதாக எழுந்தது. 20 வருடம் சிறுகச் சிறுகச் சேர்த்ததில் பெரும் பகுதி ஒரே இரவில் போயிற்று.

மிக்-29, ஹெர்குலிஸ்... யார் ஆட்சியோ அவர் விமானம்

1996-ல் ஷேக் ஹசீனா முதல்முறை பிரதமரானார். 1999-ல் ரஷ்யாவிடம் 8 மிக்-29 வாங்கப்பட்டன. படையில் இருந்ததிலேயே வலிமையானவை அவைதான். ஆட்சி மாறியதும் அந்தக் கொள்முதலே ஊழல் வழக்காகி ஹசீனா மீது பாய்ந்தது. அவர் மீண்டும் ஆட்சிக்கு வந்த பிறகு, 2010-ல் உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது. இதற்கு நடுவே கூடுதலாக மிக்-29 வாங்கும் பேச்சு நகரவே இல்லை.

பட்ஜெட்டுக்குக் கட்டுப்படியானது எஃப்-7 மட்டும்தான். 2006-ல் ஒரு தவணை, 2013-ல் எஃப்-7 பிஜிஐ என்ற பெயரில் 16 விமானங்கள். சீனா அந்த ரகத் தயாரிப்பையே நிறுத்திய வருடம் அது. தொழிற்சாலையில் இருந்து வந்த கடைசி வண்டிகளில் இவை. உள்ளே திரைகளும் கருவிகளும் புதுசு. ஆனால் எலும்புக்கூடு 1950-களில் வரையப்பட்டது.

மற்ற பக்கத்தில் வளர்ச்சியும் இருந்தது. ரஷ்யாவின் யாக்-130 பயிற்சி ஜெட்டுகள் வந்தன. காங்கோ போன்ற நாடுகளில் ஐ.நா. அமைதிப் படையில் வங்கதேச ஹெலிகாப்டர்கள் பறக்கின்றன. 2014-ல் முதன்முறையாகப் பெண்கள் ராணுவ விமானிகள் ஆனார்கள். பிரிட்டன் பயன்படுத்திய சி-130ஜே ஹெர்குலிஸ் போக்குவரத்து விமானங்கள் 2019-ல் இருந்து வந்து சேர்ந்தன. 2024 ஆகஸ்ட் 5 அன்று மாணவர் போராட்டத்தில் ஆட்சியை இழந்த ஹசீனா, டெல்லி அருகே ஹிண்டன் தளத்தில் வந்து இறங்கியது அந்த சி-130ஜே ரக விமானத்தில்தான்.

2025 ஜூலை 21, மதியம் 1.06

டாக்கா குர்மிடோலா தளத்தில் இருந்து எஃப்-7 பிஜிஐ ஒன்று பயிற்சிக்குக் கிளம்பியது. அந்தத் தளத்தின் பெயர் 'பீர் உத்தம் ஏ.கே. கந்தகர்' தளம். திமாப்பூரில் 3 விமானத்தோடு தொடங்கிய அதே கந்தகர்.

சில நிமிடங்களில் அந்த விமானம் உத்தரா பகுதியில் உள்ள மைல்ஸ்டோன் பள்ளிக் கட்டடத்தின் மீது விழுந்து தீப்பிடித்தது. வகுப்பு முடிந்து பிள்ளைகள் கிளம்பும் நேரம். 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலும் குழந்தைகள். இளம் விமானியும் பிழைக்கவில்லை. தீக்காயம் அடைந்தவர்களுக்குச் சிகிச்சை தர டெல்லியில் இருந்து மருத்துவர்களும் செவிலியர்களும் டாக்கா போனார்கள்.

எஃப்-7 விழுவது அது முதல்முறை இல்லை. 2008-ல் விழுந்தது, 2015-ல் வங்கக் கடலில் விழுந்தது, 2018-ல் விழுந்தது. ஒவ்வொரு முறையும் இறந்தது விமானி. அதனால் சில நாட்களில் செய்தி மறைந்துவிட்டது. இந்த முறை விழுந்தது பள்ளியில்.

பழைய விமானம்தான் காரணமா? விசாரணைக் குழு, விமானியின் கட்டுப்பாட்டை மீறி விமானம் போனதையே காரணமாகச் சொன்னது. ஆரம்பகட்டப் பயிற்சிகளை டாக்காவுக்கு வெளியே நடத்த வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. குர்மிடோலா தளம் டாக்கா சர்வதேச விமான நிலையத்தோடு ஒரே ஓடுபாதையைப் பகிர்ந்துகொள்கிறது. அந்தப் பக்கம் குடியிருப்பு குறைவாக இருந்த காலத்தில் கட்டப்பட்டது. இப்போது அதைச் சுற்றி உலகின் மிக நெரிசலான நகரங்களில் ஒன்று வளர்ந்து நிற்கிறது. புத்தம் புது விமானமாக இருந்தாலும், பயிற்சியில் இருப்பவர் தவறு செய்தால் கீழே காலி இடம் வேண்டும். அது உத்தராவில் கிடையாது. தளத்தை நகர்த்துவது எளிதா என்றால் அதுவும் இல்லை. தலைநகரைக் காக்கும் போர் விமானங்கள் தலைநகருக்குப் பக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்பது விமானப்படைத் தரப்பின் வாதம்.

அந்த விபத்து நடந்து இரண்டு மாதத்தில், 2025 செப்டம்பர் 26 அன்று, சண்டிகரில் இந்தியா தன் கடைசி மிக்-21 விமானங்களுக்கு விடை கொடுத்தது. டாக்காவில் அதன் சீனத் தம்பிகளுக்குப் பதிலாக எது வரும் என்பது இன்னும் முடிவாகவில்லை. சீனாவின் ஜே-10சி பெயர் அடிபடுகிறது. ஐரோப்பாவின் யூரோஃபைட்டர் டைஃபூன் பெயரும் அடிபடுகிறது. இரண்டில் எதற்குக் கையெழுத்துப் போட்டாலும் பெய்ஜிங், டெல்லி, வாஷிங்டன் மூன்று இடத்திலும் அதை வேறு வேறு மாதிரிதான் படிப்பார்கள்.